கையில் காசு, மேசையில் ஆள் இல்லை
மேசை விளையாட்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, வணக்கம். குன்னூரிலிருந்து எழுதுகிறேன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. 'மார்வெல் சாம்பியன்ஸ்' சீட்டு விளையாட்டைத் தனியாகத்தான் ஆடுகிறேன். ரிசோர்ஸ் (சீட்டு இறக்கக் கட்டும் காசு) இல்லாத டெக் (ஆட்டத்துக்கு நாமே கட்டும் சீட்டுக்கட்டு) எதற்கும் ஆகாது என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு, கேப்டன் மார்வெல் என்ற ஹீரோவுக்கு லீடர்ஷிப் வகைச் சீட்டுகளைச் சேர்த்து, ரிசோர்ஸ் தரும் சீட்டு எதையும் விடாமல் போட்டு 50 சீட்டில் ஒரு டெக் கட்டினேன். ரைனோ என்ற வில்லனிடம் வரிசையாக ஐந்து தோல்வி. நாலாவது சுற்றில் பார்த்தால் மேசை முழுக்க கட்டடச் சீட்டு, கை நிறைய ரிசோர்ஸ். ஆனால் வில்லனின் திட்டம் முடிந்துபோயிருக்கிறது. எங்கே தப்பு பண்ணுகிறேன்?

பதில்: தம்பி, உங்கள் டெக் பட்டியலை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். ஐந்து முறை தோற்ற பிறகும் காரணம் தேடுகிறீர்களே, அதுவே எனக்குப் பிடித்தது. தப்பு மூன்று இடத்தில் இருக்கிறது. அதில் ஒன்று வெறும் விதித் தப்பு, அதை முதலில் தீர்த்துவிடலாம்.

அதற்கு முன், இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. 2019-இல் ஃபேண்டசி ஃபிளைட் கேம்ஸ் வெளியிட்டது. ஒருவர் முதல் நான்கு பேர் வரை ஒரே அணியாகச் சேர்ந்து ஆடலாம். வில்லனாக யாரும் உட்காருவதில்லை, அவனுடைய சீட்டுக்கட்டே அவனுக்காக ஆடிக்கொள்ளும். இதில் தனியாகப் பணம் கிடையாது. கையிலிருக்கும் சீட்டுகள்தான் பணம். மூன்று ரிசோர்ஸ் விலையுள்ள ஒரு சீட்டை இறக்க வேண்டுமா, கையிலிருந்து ஆளுக்கு ஒரு ரிசோர்ஸ் தரும் வேறு மூன்று சீட்டைக் கழிக்க வேண்டும். எதை ஆடுவது, எதைக் காசாக்குவது என்று ஒவ்வொரு சுற்றிலும் மனசு அடித்துக்கொள்ளும். எனக்கு இந்த விளையாட்டு பிடித்ததே அதனால்தான்.

சரி, விதித் தப்பு. 'பவர் ஆஃப் லீடர்ஷிப்' சீட்டைக் கழித்து 'அவெஞ்சர்ஸ் மேன்ஷன்' என்ற கட்டடச் சீட்டை வாங்கியதாகவும், அதை இரண்டு ரிசோர்ஸாகக் கணக்கு வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டு ஆகாது. அந்தச் சீட்டு லீடர்ஷிப் நிறச் சீட்டுக்குக் கட்டும்போது மட்டும்தான் இரட்டிப்பாகும். மேன்ஷன் சாம்பல் நிறம், பொதுச் சீட்டு. அங்கே அது ஒன்றே ஒன்றுதான். எந்தச் சீட்டுக்கும் இரண்டாகச் செல்லுபடியாவது 'எனர்ஜி', 'ஜீனியஸ்', 'ஸ்ட்ரெங்த்' மூன்றும். ஒரு டெக்கில் ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் வைக்கலாம். 'பவர்' சீட்டு இரண்டு வரை வைக்கலாம்.

இப்போது முக்கியமான தப்புக்கு வருகிறேன். மேன்ஷனின் விலை நாலு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையான விலை ஐந்து. நாலு சீட்டைக் கழிக்கிறீர்கள், மேன்ஷன் சீட்டும் கையை விட்டுப் போகிறது. ஹீரோவாக நிற்கும் கேப்டன் மார்வெலின் கையளவே ஐந்துதான். ஒரு சுற்று முழுவதையும் அந்தக் கட்டடத்துக்குத் தாரை வார்த்துவிட்டீர்கள். அது திருப்பித் தருவது சுற்றுக்கு ஒரு சீட்டு. முதல் சுற்றிலேயே இறக்கினால் ஐந்தாவது சுற்றில் அசல் வரும், ஆறாவதில் இருந்துதான் லாபம். எங்கள் மேசையில் ரைனோ ஆட்டம் பெரும்பாலும் ஆறேழு சுற்றில் ஒரு முடிவுக்கு வந்துவிடும். மூன்றாவது சுற்றில் மேன்ஷன் இறக்கினால் அது வருமானமே இல்லை, நஷ்டம். உங்கள் ஐந்து ஆட்டங்களில் மூன்றில் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

நான் கோத்தகிரியில் கொழுந்து எடை போடும் இடத்தில் கணக்கு எழுதுகிறவள். எங்களுக்கும் கொஞ்சம் தேயிலை உண்டு. செடி வயதேறி உயர்ந்துபோனால் கவாத்து வெட்டியாக வேண்டும். வெட்டினால் அந்தப் பங்கு மூன்று நாலு மாதம் ஒரு கிலோ இலை தராது, பிறகு துளிர்த்துக் கொட்டும். அதற்காக எந்த வீட்டிலாவது தோட்டம் முழுவதையும் ஒரே வருஷத்தில் வெட்டிப் போடுவார்களா? நாலு பங்காகப் பிரித்து வருஷத்துக்கு ஒரு பங்கு வெட்டுவார்கள், மற்ற மூன்று பங்கு இலையில் அடுப்பெரியும். நீங்கள் நாலு பங்கையும் சேர்த்து வெட்டிவிட்டு ரைனோ முன்னால் நிற்கிறீர்கள்.

அப்படியானால் கட்டடமே வேண்டாமா? வேண்டும். எதைக் கொடுத்து வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேப்டன் மார்வெலின் சொந்தச் சீட்டுகளில் 'எனர்ஜி அப்சார்ப்ஷன்' இருக்கிறது பாருங்கள், ஒரே சீட்டில் எனர்ஜி வகை ரிசோர்ஸ் மூன்று. இரண்டு விலைச் சீட்டுக்கு அதைக் கழித்தால் மிச்சம் ஒன்று வீணாய்ப் போகும், மறு சீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் 'ஹெலிகேரியர்' விலை சரியாக மூன்று. அப்சார்ப்ஷனைக் கழித்து ஹெலிகேரியர் இறக்கினால் மொத்தம் இரண்டு சீட்டுதான் செலவு. அது சுற்றுக்கு ஒரு முறை அடுத்த சீட்டின் விலையில் ஒன்று குறைக்கும். இறக்கிய சுற்றிலேயே பயன்படுத்தலாம் என்பதால் இரண்டாவது சுற்றில் அசல் வந்துவிடுகிறது. இதே ஹெலிகேரியரை மூன்று சாதாரணச் சீட்டு கழித்து வாங்கினால் நாலு சுற்று காத்திருக்க வேண்டும். கட்டடம் ஒன்றேதான், கட்டிய விதம் வேறு.

போன ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எனக்கு வந்த கையை இன்னும் மறக்கவில்லை: ஹெலிகேரியர், எனர்ஜி அப்சார்ப்ஷன், மேன்ஷன், எனர்ஜி, மரியா ஹில், பவர் ஆஃப் லீடர்ஷிப். ஆட்டம் தொடங்கும்போது நாம் ஹீரோவாக இல்லாமல் கரோல் டான்வர்ஸ் (கேப்டன் மார்வெலின் சொந்தப் பெயர்) பக்கம்தானே இருப்போம், கையளவு ஆறு. கரோலின் திறமையால் முதலில் ஒரு சீட்டு எடுத்தேன், ஏழானது. அப்சார்ப்ஷனைக் கழித்து ஹெலிகேரியர். ஹெலிகேரியரைச் சாய்த்ததும், அதாவது அந்தச் சுற்றுக்குப் பயன்படுத்தியதும், மேன்ஷன் மூன்று விலைக்கு வந்தது. அதற்கு எனர்ஜி சீட்டு இரண்டு, சற்று முன் எடுத்த சீட்டு ஒன்று. மேன்ஷனைச் சாய்த்து ஒரு சீட்டு எடுத்தேன். மரியா ஹில் விலை இரண்டு, லீடர்ஷிப் நிறம். அதனால் பவர் சீட்டு ஒன்றே போதும். மரியா இறங்கினால் ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கலாம், எடுத்தேன். மேசையில் இரண்டு கட்டடம், ஒரு கூட்டாளி, கையில் இன்னும் இரண்டு சீட்டு. அதே சுற்றில் ஹீரோ பக்கம் திருப்பி ரைனோவை இரண்டு அடி அடித்துவிட்டுத்தான் முடித்தேன்.

அந்த மாதிரிக் கை எப்போதோ ஒரு முறைதான் வரும். ஆனாலும் ஏன் சொல்கிறேன் என்றால், அதில் ஒரு ரிசோர்ஸ்கூட வீணாகவில்லை. மூன்று விலைக்கு மூன்று, இரண்டு விலைக்கு இரண்டு. சில்லறை பாக்கி விடாத கை அது. கனமான ரிசோர்ஸ் டெக் கட்டுகிறவருக்கு இந்தக் கண் வேண்டும். டெக் எழுதும்போதே பெரிய நோட்டுக்கு எதிரே சரியான விலையுள்ள சாமான் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பட்டியலில் இரண்டும் மூன்றும் தரும் சீட்டுகள் நிறைய இருக்கின்றன, ஆனால் லீடர்ஷிப் சீட்டுகளில் பாதிக்கு மேல் விலை ஒன்று, பூஜ்யம். பெட்டிக்கடையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு நீட்டுகிற கதைதான்.

மூன்றாவது தப்பு, 50 சீட்டு. விதி 40 முதல் 50 வரை அனுமதிக்கிறது. நீங்கள் நாற்பதுக்கே வாருங்கள். மேன்ஷன் ஒன்றுதான் டெக்கில் இருக்கிறது என்று வையுங்கள். தொடக்கக் கை ஆறையும் பிடிக்காமல் மாற்றினாலும் நீங்கள் பார்ப்பது பன்னிரண்டு சீட்டு. நாற்பதில் பன்னிரண்டு என்றால் நூற்றுக்கு முப்பது முறை மேன்ஷன் கண்ணில் படும். ஐம்பதில் பன்னிரண்டு என்றால் இருபத்து நாலு. முதல் இரண்டு சுற்றில் வந்தால்தான் உதவும் சீட்டுக்கு இது பெரிய வித்தியாசம். சின்ன டெக் சீக்கிரம் தீரும், தீரும்போதெல்லாம் வில்லன் கட்டிலிருந்து ஒரு சீட்டு கூடுதலாக வரும், அது உண்மைதான். ஆனால் டெக் திரும்பக் கலையும்போது அந்த இரட்டைச் சீட்டுகளும் திரும்ப வருகின்றனவே. எனக்கு அந்தப் பேரம் கட்டுபடியாகிறது.

நாற்பதில் கேப்டன் மார்வெலின் சொந்தச் சீட்டு 15. இரட்டைச் சீட்டு மூன்று, பவர் இரண்டு, ஹெலிகேரியர் ஒன்று, மேன்ஷன் ஒன்று. இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 22 ஆயிற்று. மீதி 18 இடமும் வேலை செய்கிற சீட்டுக்கு. மரியா ஹில், ஹாக்ஐ, விஷன், நிக் ஃபியூரி என்று கூட்டாளிகளைப் போடுங்கள். விஷன் விலை நாலு, இரண்டு பவர் சீட்டும் சேர்ந்து வந்தால் அப்படியே இறங்குவான். நிக் ஃபியூரி ஒரு சுற்றுதான் நிற்பான், ஆனால் வரும்போதே மூன்று சீட்டு எடுக்கவோ, திட்டத்தைக் குறைக்கவோ, வில்லனை அடிக்கவோ வழி தருவான். ரைனோவின் ஓர் அடியையும் வாங்கிக்கொண்டு போவான். 'மேக் தி கால்' மறக்காதீர்கள். செத்துப் போன மரியாவை அவள் விலையைக் கட்டித் திரும்ப அழைத்தால் மறுபடியும் சீட்டு.

மிச்ச எனர்ஜிக்கு உங்களிடமே ஒரு உண்டியல் இருக்கிறது, 'எனர்ஜி சேனல்'. கட்டடமெல்லாம் முடிந்த பிறகு வரும் அப்சார்ப்ஷனை அதில் கொட்டுங்கள். ஒரு எனர்ஜிக்கு இரண்டு அடி, அதிகபட்சம் பத்து. ஒருவர் ஆட்டத்தில் முதல் நிலை ரைனோவின் உயிர் 14 என்பதை நினைத்தால் பத்து அடி எவ்வளவு பெரிது என்று தெரியும்.

கடைசியாக ஒன்று. கட்டடம் கட்டும் ஆசையில் மூன்று சுற்று கரோல் பக்கமே உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் இருந்தால் ரைனோ உங்களை அடிக்க மாட்டான், திட்டத்தை வளர்ப்பான். தானாகச் சேரும் ஒன்று, அவன் சேர்க்கும் ஒன்று, அதன்மேல் அவன் கட்டிலிருந்து திறக்கும் சீட்டு சேர்ப்பது வேறு. தனி ஆட்டத்தில் ரைனோவின் திட்டம் ஏழில் முடிந்துவிடும். மூன்று சுற்று உட்கார்ந்தால் அங்கேயே கதை முடிந்தது. முதல் சுற்றில் கரோலாகத் தொடங்கி, சீட்டு எடுத்து, ஒரே ஒரு கட்டடம் கட்டி, அதே சுற்றில் ஹீரோவாகத் திரும்பிவிடுங்கள். மூன்றாவது சுற்றுக்கு மேல் கைக்கு வரும் மேன்ஷனைக் காசாகக் கழித்துவிடுங்கள். அதன் மூலையிலும் ஒரு ரிசோர்ஸ் குறி இருக்கிறதே, அதற்கும் மதிப்பு உண்டு. ஆறாவது ஆட்டம் என்ன ஆயிற்று என்று கட்டாயம் எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: ரிசோர்ஸ் டெக் கட்ட அடிப்படைப் பெட்டியில் எந்த ஹீரோ நல்லது? (ஊட்டி வாசகர்)

பதில்: என் கை முதலில் போவது பிளாக் பாந்தருக்கு. 'வைப்ரேனியம்' ஒவ்வொன்றும் இரண்டு ரிசோர்ஸ், எந்த வகையாகவும் ஆகும், எந்த நிறச் சீட்டுக்கும் செல்லும். ஊருக்குத் திரும்பி ஹீரோ வேடமில்லாமல் ட்சாலாவாக இருக்கும்போது 'கோல்டன் சிட்டி'யைச் சாய்த்தால் இரண்டு சீட்டு. புதிதாக ஆடுகிறவர்கள் இவரோடு தொடங்கினால் கணக்கு எளிதில் பிடிபடும்.

அயர்ன் மேன் வேறு மாதிரி. ஹீரோவாக அவர் கையளவு ஒன்றில்தான் தொடங்கும். ஒவ்வொரு தொழில்நுட்ப (Tech) வகைக் கருவிக்கும் ஒன்று கூடி ஏழு வரை ஏறும். அவரிடம் இருக்கும் 'பெப்பர் பாட்ஸ்' என் செல்லச் சீட்டு. கழித்த கட்டில் மேலே எந்தச் சீட்டு கிடக்கிறதோ அதன் ரிசோர்ஸை அப்படியே தருவாள். அதனால் காசு கட்டும்போது இரட்டைச் சீட்டு மேலே வருகிற மாதிரிக் கழியுங்கள். அடுத்த நொடியே பெப்பரிடமிருந்து இன்னொரு இரண்டு. இரண்டு மாதம் ஆடிய பிறகுதான் இது எனக்கு உறைத்தது. உறைத்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஸ்பைடர்மேனின் 'வெப் ஷூட்டர்' விலை ஒன்று, மூன்று முறை ரிசோர்ஸ் தந்துவிட்டு முடிந்துவிடும். சீட்டையும் சேர்த்து இரண்டு போட்டு மூன்று எடுக்கிறோம். சின்ன லாபம்தான், ஆனால் நிச்சய லாபம். ஷி-ஹல்க்கை ரிசோர்ஸுக்காக எடுக்காதீர்கள், அவள் அடிப்பதற்குப் பிறந்தவள்.

கேள்வி: வீட்டில் மூன்று பேர் ஆடுகிறோம். ரிசோர்ஸ் தரும் கட்டடமெல்லாம் என் பெரிய பையன் கையில். எதை எப்போது ஆட வேண்டும் என்று எல்லோருக்கும் அவனே சொல்லிவிடுகிறான். சின்னவளுக்கு ஆசை விட்டுப்போகிறது. என்ன செய்யலாம்? (கூடலூரிலிருந்து ஒரு அம்மா)

பதில்: அம்மா, அடுத்த ஆட்டத்தில் மேன்ஷனையும் ஹெலிகேரியரையும் சின்னவள் டெக்கில் போடுங்கள். அந்த இரண்டு சீட்டிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், யாராவது ஒரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். சீட்டு யாருக்கு, விலைக்குறைப்பு யாருக்கு என்று அவள்தான் முடிவு செய்வாள். பெரியவன் அவளிடம் கேட்டு வாங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை நான், என் தம்பி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவன் மகள் மூவரும் ஆடுவோம். பெட்டியில் 14 வயது என்றுதான் போட்டிருக்கும், அவள் பன்னிரண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் எல்லாம் வாயே திறக்க மாட்டாள், அப்பா சொன்ன சீட்டை வைப்பாள். ஒரு நாள் மேன்ஷனை அவளிடம் கொடுத்தோம். என் முறையில் எனக்கு ஒரே ஒரு ரிசோர்ஸ் குறைந்தது. நான் கேட்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், மேன்ஷனை மெதுவாகச் சாய்த்தாள், "அத்தை, நீங்க எடுங்க" என்றாள். மற்றவர் முறையிலும் அதைப் பயன்படுத்தலாம் என்பதை அவளாகவே விதிப் புத்தகத்தில் படித்து வைத்திருக்கிறாள்! அன்றிலிருந்து இன்றுவரை மேன்ஷன் அவளுடையது. இப்போது அவள் அப்பாவே "பாப்பா, எனக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்கிறான்.

இன்னொரு நன்மையும் உண்டு. மூன்று பேர் ஆடும்போது ஒருவர் கட்டினால் போதும், மற்ற இருவரும் அடியும் தடுப்புமாகத் தாங்கிக்கொள்வார்கள். மேலே குன்னூர்த் தம்பிக்குச் சொன்ன கவாத்துக் கணக்கு இங்கேதான் முழுசாகப் பொருந்தும். வில்லன் உயிரும் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருகுவதால் ஆட்டமும் கொஞ்சம் நீளும், கட்டடம் தன் அசலை எடுக்க நேரம் கிடைக்கும்.

கேள்வி: மழைக்காலத்தில் சீட்டெல்லாம் வளைந்துபோகிறது. உறை போடுவது அவசியமா? செலவாகிறதே. (கோத்தகிரி)

பதில்: அவசியம். நம் ஊர்ப் பனிக்கும் மூடுபனிக்கும் வெறும் சீட்டு இரண்டு வருஷம் தாங்காது. கார்த்திகையில் ஒரு முறை பெட்டியைச் சமையலறைச் சுவர் ஓரத்து அலமாரியில் வைத்துவிட்டேன். பதினைந்து நாள் கழித்துத் திறந்தால் ஒரு பக்கச் சீட்டெல்லாம் வில் மாதிரி வளைந்திருந்தது. என் ஹெலிகேரியர் ஓரம் ஊதிப்போய், கட்டில் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தாலே தெரிந்தது. அப்புறம் அந்தச் சீட்டை எப்படி நேர்மையாக ஆடுவது? உறை போட்ட பிறகுதான் அதைத் திரும்ப டெக்கில் சேர்த்தேன்.

63.5-க்கு 88 மில்லிமீட்டர் அளவு உறை கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சமயம் வாங்க வேண்டாம், நீங்கள் ஆடும் டெக்குகளுக்கும் அடிக்கடி எடுக்கும் வில்லன் கட்டுக்கும் முதலில் போடுங்கள். செருப்புப் பெட்டியில், மருந்து டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் சீட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். கணப்பு அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், சூட்டில் மறுபக்கம் வளையும்.

கேள்வி: ரைனோவை ஜெயிக்கும் ரிசோர்ஸ் டெக் அல்ட்ரான் என்ற வில்லனையும் ஜெயிக்குமா? (குன்னூர், அதே தம்பி)

பதில்: அப்படியே கொண்டுபோனால் கஷ்டம். அல்ட்ரான் உங்கள் டெக்கின் மேல் சீட்டையே கவிழ்த்து வைத்து ட்ரோன் என்ற அடியாள் ஆக்குவான். நீங்கள் ஆசையாகக் காத்திருந்த மேன்ஷன் ட்ரோனாக எதிரே வந்து நிற்கும். டெக்கும் வேகமாகக் கரையும். மேன்ஷனை வெளியே எடுத்துவிட்டு ஹெலிகேரியரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் ஒரு கூட்டாளியைச் சேருங்கள். ட்ரோன்களுக்கு உயிர் குறைவு, ஒவ்வொன்றாகத் தட்டிவிட ஆட்கள் இருந்தால் போதும். ஆனால் ஒன்று, முதலில் ரைனோவை ஒரு முறையாவது ஜெயித்துவிட்டு வாருங்கள்.